பிரிந்த நால்வர் கூடிப் பாடிய பண்ணை
கிளாஸ்ரன்பரிப் பயணக் கட்டுரை

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலே சோமர்செற் என்னும் மாகாணம் ஒன்று உண்டு. பசும்புற்றரைக்கும் பாலுக்கும் பாற்கட்டிக்கும் பெயர் பெற்றது அது. உலகெங்கும் 'செடார்' என்ற பெயரால் வழங்கும் பாற்கட்டி, இம்மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பிரிஸ்டல் நகரிலிருந்து பஸ் வண்டியில் தெற்கு நோக்கிப் புறப்படுவோர், மெண்டிப் குன்றுகளைத் தாண்டி, பேராலயத்தாற் புகழ்பெற்ற வெல்ஸ் என்னும் சிறு நகரைக் கடந்து, கிளாஸ்ரன்பரியை அடையலாம். ஊரை அணுகுமுன்னரே, சமதரையின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் குன்று ஒன்றும், அதன் உச்சியிலே கூரை இழந்த கற்கோபுரம் ஒன்றும் கண்ணிற்படும். 'தோர்' என்று அக்குன்றை அவ்வூரார் அழைப்பர். அதன் உயரம் 158 மீற்றர். நமது மலைநாட்டைக் கண்டவர்க்கு இது ஒரு பொருட்டன்று. ஆயினும், சுற்றிலும் தாழ்நிலமாகையால், ஏறி நின்று நோக்குவார்க்கு அது பெருமலையெனவே தோன்றும்.

இவ்வூர் பழங்கதைகள் நிறைந்தது. யேசுநாதரின் உடலை அடக்கஞ் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு என்பவர் இங்கே வந்து தங்கினார் என்பது ஒரு கதை. ஆதர் மன்னனின் கல்லறையைத் தாம் கண்டெடுத்ததாக 1191ஆம் ஆண்டில் இங்கிருந்த மடத்துத் துறவிகள் அறிவித்தார்கள். அதன்பின் யாத்திரிகர் கூட்டம் பெருகியது. 1539ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டபோது, அதன் கடைசித் தலைவராகிய றிச்சர்ட் வைற்றிங் என்னும் முதியவரைத் தோர்க் குன்றின்மீதே தூக்கிலிட்டனர். மடம் பாழாயிற்று; இன்று இடிந்த சுவர்களும் வளைவுகளுமே எஞ்சியுள. எனினும், யாத்திரை செய்யும் வழக்கம் மாத்திரம் அந்நிலத்தை விட்டு நீங்கவில்லை. சென்ற அரை நூற்றாண்டுக்கு மேலாக, வேறொரு காரணத்துக்காக, வேறொரு கூட்டம் அங்கே வந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதப் புகுந்தேன்.

பாற்பண்ணையில் ஒரு விழா

கிளாஸ்ரன்பரிக்குக் கிழக்கே சில மைல் தொலைவிற் பில்ற்றன் என்னும் கிராமம் இருக்கின்றது. அங்கே 'வேர்தி' என்ற பெயருடைய பாற்பண்ணை ஒன்று உளது. யான் சென்றது ஐப்பசி மாதம். வழியின் இருமருங்கும் வேலிச்செடிகள் பழுப்பேறியிருந்தன. புற்றரையிலே கறுப்பும் வெள்ளையுமான பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சரிவின் அடியிலே இரும்புச் சட்டங்களாலான கூர்ங்கோபுரம் ஒன்று, துணி போர்த்தப்படாத குடையைப் போல, வெறுமையாக நின்றது. ஆனி மாதத்தில் அது உலகம் அறிந்த அரங்கு. மற்றை மாதங்களில் வெறும் இரும்பு. அதனைப் பார்த்து நின்ற வேளையில் மாடுகள் புல்லைக் கடிக்கும் ஓசையன்றி வேறோசை எதுவும் கேட்கவில்லை. இலட்சம்பேர் ஒருங்கே பாடிய நிலம் இதுதானா என ஐயுறும் அளவுக்கு அமைதி.

இப்பண்ணையின் உரிமையாளராயிருந்தவர் மைக்கல் ஈவிஸ். கப்பலிற் பணிபுரியச் சென்றிருந்த இவர், 1954இல் தந்தையார் காலமானதால், தமது பத்தொன்பதாம் வயதில் ஊர் திரும்பிப் பண்ணைப் பொறுப்பை ஏற்றார். 1970ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், அயலூரான ஷெப்ரன் மலற்றில் நடந்த இசை விழா ஒன்றைக் கண்டு, அத்தகைய விழாவைத் தமது பண்ணையிலேயே நடத்தினால் என்ன என்று எண்ணினார். அவ்வாண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள் அவ்விழா நடந்தேறியது. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண். அதனுடன் பண்ணைப்பால் இலவசம். வந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் அதற்கு முதல்நாள்தான் லண்டனில் இறந்திருந்தார். தலைமைக் கச்சேரி செய்ய ஒப்புக்கொண்டிருந்த கிங்ஸ் குழுவினர் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக மார்க் போலனின் குழு வந்து பாடியது. இழப்பும் மாற்றமும் அவ்விழாவின் பிறப்போடேயே கலந்திருந்தன எனலாம்.

1971இல் முதன்முதலாகக் கூர்ங்கோபுர வடிவில் அரங்கு எழுந்தது. 1981இல் நிரந்தரமான ஒன்று கட்டப்பட்டது. விழாக் காலத்தில் அது மேடை. மாரிகாலத்தில் அதுவே மாட்டுக் கொட்டிலும் தீவனக் களஞ்சியமும். சிக்கனமறிந்த கமக்காரரின் மூளையிலன்றி வேறெங்கே இத்தகைய யோசனை உதிக்கும்? 1994இல் விழாவுக்குச் சில நாள்களுக்கு முன் அது தீக்கிரையாயிற்று. இன்று காணும் அரங்கு 2000ஆம் ஆண்டில் எழுந்தது. இடையிடையே ஓராண்டு விழாவை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதும் உண்டு. 2006, 2012, 2018 ஆகியன அத்தகைய ஆண்டுகள். விழா முடிந்தபின் குப்பை பொறுக்குவோர் கூட்டங்கூட்டமாக இறங்குவர். கூடார முளைகளும் ஆணிகளும் புல்லோடு கலந்து பசுக்களின் வயிற்றிற் புகாவண்ணம் காந்தங்கொண்டு அவற்றைத் திரட்டுவர். எவ்வளவு பெரிய பாடகர் வந்து சென்றாலும், பண்ணையின் இறுதிச் சொல் பசுவினுடையதே.

நால்வர்

இப்பண்ணையிற் பாடிய எண்ணற்ற குழுக்களுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'பிளர்'.

எசெக்ஸ் மாகாணத்துக் கொல்செஸ்ரர் நகரின் பாடசாலை ஒன்றிற் பயின்ற இரு சிறுவர் டேமன் அல்பாணும் கிரேயம் கொக்ஸனும். முன்னவர் பாடுபவர், பின்னவர் கிற்றார் வாசிப்பவர். அதே நகரைச் சேர்ந்த டேவ் ரவுண்ட்றீ மேளத்துக்கு அமைந்தார். லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிற் கொக்ஸனுடன் பழகிய அலெக்ஸ் ஜேம்ஸ் நாலாமவரானார். 1990இல் அவர்களது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1994இல் வெளியான 'பார்க்லைஃப்' என்னும் தொகுப்பு அவர்களை நாடறிந்தவராக்கியது. அக்காலத்தில் மன்செஸ்ரரைச் சேர்ந்த ஒயேசிஸ் குழுவினர் இவர்களுக்குப் போட்டியாயிருந்தனர். 1995 ஓகஸ்ற் 14ஆம் நாள் இரு குழுவினரும் ஒரே தினத்தில் இசைத்தட்டு வெளியிட்டபோது, எது முந்தும் என்பது தொலைக்காட்சிச் செய்திகளிலும் இடம்பெறும் அளவுக்குப் பெரிய விடயமாயிற்று. அவ்வாரம் வென்றது பிளர்.

வெற்றி வந்தபின் நட்புத் தேய்வது உலக வழக்கு. மதுவும் அயர்ச்சியும் மனத்தாங்கலும் சேர்ந்தன. 2002இல், புதிய தொகுப்பொன்றைப் பதிவுசெய்துகொண்டிருக்கையிற் கொக்ஸன் குழுவை விட்டு நீங்கினார். மறு ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பில் அவர் வாசித்த பாட்டு ஒன்றே ஒன்று. பின்னர் நால்வரும் நான்கு திசையாயினர். அல்பாண் வேறு குழு அமைத்தார். இசை நாடகமும் இயற்றினார். கொக்ஸன் தனியாகப் பாடினார். ஜேம்ஸ் நாட்டுப்புறத்திற் பண்ணை வாங்கிப் பாற்கட்டி செய்யத் தொடங்கினார். ரவுண்ட்றீ சட்டம் பயின்று, அரசியலிலும் ஈடுபட்டார். பாடசாலைத் தோழராகிய முதல் இருவருக்குமிடையே பேச்சு வார்த்தையற்ற காலமும் இருந்தது.

அவர்களைச் சிறுவயதிற் கேட்டு வளர்ந்த இரசிகருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடகர் இறந்துபோனால் அழுது ஆறலாம். உயிரோடு இருந்துகொண்டே ஒருவரோடொருவர் பேசாதிருந்தால் என்ன செய்வது? குடும்பத்தில் இரு சகோதரர் பகைத்துக்கொண்டால், அவர்களைக் காட்டிலும் அதிகம் வருந்துவோர் இருவரையும் நேசிக்கும் மற்றையோரே. இரசிகரின் நிலையும் அதுவாகவே இருந்தது.

2008 டிசெம்பரில் நால்வரும் மீண்டும் மேடையேறுவர் என்ற அறிவித்தல் வந்தது. லண்டன் ஹைட் பார்க்கில் நடக்கவிருந்த கச்சேரிக்கான ரிக்கற்றுகள் விரைவில் விற்றுத் தீர்ந்தமையால் இரண்டாம் நாளும் சேர்க்கப்பட்டது. ஆயினும் மகிழ்ச்சியோடு அச்சமும் இருந்தது. குரல் பழையபடி இருக்குமா? கைவிரல் பழையபடி ஓடுமா? நினைவிலே அழியாதிருக்கும் ஒன்றை நேரிற் பார்த்து அழித்துக்கொள்ளப் போகிறோமோ? நெடுங்காலம் காணாத நண்பரைப் பார்க்கப் போகும்போது நம்மிற் பலர்க்கும் நேரும் அச்சமே அது.

மீண்டும் கூடியபின் அவர்களுடைய முதற் கச்சேரி பெருநகரில் நடைபெறவில்லை. 2009 ஜூன் 13ஆம் நாள், கொல்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள புகையிரத நூதனசாலை ஒன்றில், சிறு கூட்டத்தின் முன் பாடினார்கள். 'பிளர்' என்ற பெயரைச் சூடுமுன், 1989இல், அவர்கள் முதன்முதல் மேடையேறிய இடம் அது. தொடங்கிய இடத்துக்கே சென்று மறுபடி தொடங்கினார்கள். பதினைந்து நாள் கழித்து வேர்திப் பண்ணைக்கு வந்தார்கள்.

2009 ஜூன் 28

அவ்வாண்டு விழாவுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். கட்டணம் 175 பவுண். வியாழன் இரவு, கூடாரங்களிலே மக்கள் தங்கியிருந்தபோது, அமெரிக்காவில் மைக்கல் ஜாக்சன் இறந்துவிட்டார் என்ற செய்தி வாய்வழியாகப் பரவியது. 1970இல் நிகழ்ந்ததுபோலவே, ஒரு பெருங்கலைஞனின் சாவு விழாவின் வாசலில் வந்து நின்றது. வெள்ளியன்று நீல் யங், சனியன்று புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் ஆகிய மூத்த கலைஞர்கள் தலைமைக் கச்சேரி நிகழ்த்தினர். ஞாயிறு இரவு, விழாவின் இறுதிக் கச்சேரி பிளருக்கு. 1998ஆம் ஆண்டிலும் இதே அரங்கில் இவர்கள் தலைமைக் கச்சேரி செய்தவர்களே. அது மழையும் சேறும் நிறைந்த ஆண்டு. அன்று சேற்றில் நின்று ஆடிய வாலிபர் பலர் 2009இற் பிள்ளைகளுக்குத் தாய் தந்தையர். மேடையில் நின்றோரும் நாற்பதைக் கடந்துவிட்டிருந்தனர், ரவுண்ட்றீக்கு நாற்பத்தைந்து.

அவ்விரவின் நிகழ்ச்சியைப் பி.பி.சி. ஒளிபரப்பியது. பதிவைப் பலமுறை பார்த்துள்ளேன். ஆனி மாதத்து நெடும்பகல் மெல்ல மறையும் நேரம். 1990இல் வெளிவந்த தங்கள் முதற் பாட்டையே முதலிற் பாடினார்கள். கூட்டத்திற் கொடிகள் அசைந்தன. இளைஞர் பிறர் தோள்மீது ஏறி நின்றனர். 'பார்க்லைஃப்' பாட்டுக்கு, இசைத்தட்டிலே பேசிய நடிகர் பில் டானியல்ஸ் தாமே மேடைக்கு வந்தார். கூட்டம் குதித்தது. இவையெல்லாம் எந்த இசை விழாவிலும் காணக்கூடியனவே.

'ரெண்டர்' என்னும் பாட்டு வந்தபோதுதான் வேறொன்று நிகழ்ந்தது. காதல் முறிந்தபின் ஆறுதல் வேண்டிப் பாடும் பாட்டு அது. 1999இல் வெளியானபோது லண்டன் கிறிஸ்தவப் பாடகர் குழு ஒன்றும் சேர்ந்து பாடியிருந்தது. அதன் இடையே திரும்பத் திரும்ப வரும் எளிய அடி கொக்ஸன் இயற்றியது, அவரே பாடுவது. அந்த அடியைக் கூட்டம் முழுவதும் தனதாக்கிக்கொண்டது. பாட்டு முடிந்தது, கூட்டம் முடிக்கவில்லை. வாத்தியங்கள் ஓய்ந்த பின்னும் குன்றுச் சரிவெங்கும் அந்த அடி எழுந்துகொண்டேயிருந்தது. ஏழாண்டுக்கு முன் குழுவை விட்டுச் சென்றவரின் வரியை, அவரும் மற்றை மூவரும் நிற்க, ஆயிரமாயிரம்பேர் அவர்கள் முன் பாடினர். இதைவிடச் சிறந்த சமாதான வாக்கியத்தை எந்த மத்தியஸ்தர் எழுதித் தருவார்?

'ரு தி எண்ட்' என்னும் பாட்டின்போது அல்பாண் தாங்கமாட்டாமல் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழக் கண்டு கூட்டத்திலும் பலர் கண் துடைத்தனர். இறுதியில் 'த யூனிவேசல்' என்ற பாட்டோடு கச்சேரி நிறைவெய்தியது. அவ்விழாவின் வரலாற்றிலே சிறந்தவற்றுள் ஒன்றென விமர்சகர் பலர் அதனைப் போற்றி எழுதினர்.

ஒரு மாணவனின் வினா

இப்பதிவை எம் கல்லூரி உயர்வகுப்பு மாணவருக்கு ஒருமுறை காட்டினேன். பார்த்து முடிந்ததும் ஒருவன் எழுந்து, "சேர், இவர்கள் காசுக்காகத்தானே திரும்பவும் சேருகிறார்கள்? அதற்குப்போய் இத்தனைபேர் ஏன் அழுகிறார்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வகுப்பிற் பாதிப்பேர் சிரித்தனர்; மற்றைப் பாதிப்பேர் என் முகத்தைப் பார்த்தனர்.

காசும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. உழைப்புக்கு ஊதியம் பெறுதல் இழிவுமன்று. ஆனால், காசு மாத்திரம் மனிதரைச் சேர்த்து வைத்திருக்குமா என்பதற்கு அதே அரங்கு விடை சொல்கின்றது. முந்தைய ஆண்டாகிய 2008இல், அதே ஞாயிறு இரவு, அதே மேடையிலே தலைமைக் கச்சேரி செய்த 'வேர்வ்' என்னும் குழுவும் பிரிந்து மீண்டும் கூடிய குழுவே. அவர்களுக்கும் பெருங்கூட்டம் இருந்தது, புகழும் இருந்தது. நெடுங்காலம் செல்லாமலே அவர்கள் மறுபடியும் பிரிந்துவிட்டார்கள். இன்னும் ஒன்று. பிளர் நால்வர் பண்ணையிற் கூடிப் பாடிச் சரியாக இரண்டு மாதங்கழித்து, 2009 ஓகஸ்ற் 28ஆம் நாள், அவர்களுடைய பழைய போட்டியாளராகிய ஒயேசிஸ் குழு பாரிஸ் நகரில் மேடையேறுமுன்னரே உடைந்தது. அக்குழுவின் இரு தூண்களும் ஒருதாய் வயிற்றுச் சகோதரர். பணத்துக்கு அவர்களிடம் பஞ்சமா? இரத்த உறவுக்குப் பஞ்சமா? இரண்டும் இருந்தும் அவர்கள் மீண்டும் ஒரே மேடையில் நிற்பதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. 2025 ஜூலை 4ஆம் நாள் கார்டிஃப் நகரில் அவர்கள் மீண்டும் பாடியபோது, முதன்முறை கேட்ட தந்தையரும் பின்னர்ப் பிறந்த பிள்ளைகளும் கூட்டத்தில் ஒருங்கே நின்றனர்.

ஆகவே, பிரிந்தவர் கூடுதல் எளிதன்று. கூடியபின் நிலைத்தல் அதனினும் அரிது. வேர்திப் பண்ணையிற் கூடியிருந்தோர் அதனை அறியாதவரல்லர். அவர்கள் அழுதது மேடையில் நின்ற நால்வருக்காக மாத்திரமன்று. ஒவ்வொருவர் வாழ்விலும் பேசாது விட்ட நண்பர் ஒருவர் உண்டு. எழுதாது விட்ட கடிதம் ஒன்று உண்டு. சிறு வார்த்தையால் முறிந்து, பின்னர் எவர் முதலிற் பேசுவது என்ற மானப் பிரச்சினையால் ஆண்டுக் கணக்காக நீண்டுபோன பகை ஒன்று உண்டு. பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்த இருவர், நாற்பது வயதிலே, எல்லோரும் பார்க்க ஒருவரையொருவர் நோக்கி நிற்பதைக் கண்டபோது, 'இவர்களால் இயலுமெனில் நம்மாலும் இயலாதா' என்ற எண்ணம் எத்தனைபேர் நெஞ்சில் எழுந்திருக்கும்! மாணவனுக்கு யான் சொன்ன விடை இதுவே. அவன் மறுமொழி எதுவுங் கூறாது அமர்ந்துகொண்டான். அவனுடைய பக்கத்து இடம் சில வாரங்களாக வெறுமையாயிருந்தது. அங்கிருந்தவன் வேறு வாங்குக்கு மாறியிருந்தான். அதற்கான காரணத்தை யான் வினவவில்லை.

பிளர் குழுவின் கூட்டுறவு ஓரிரவோடு முடிந்துவிடவில்லை. இடையிடையே பிரிந்து தத்தம் தொழிலைப் பார்த்தனர், பின்னரும் சேர்ந்தனர். 2015இற் புதிய தொகுப்பு ஒன்று வெளியிட்டனர். 2023 ஜூலையில் லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் இரு நாள் பாடினர். அவ்வாண்டே மற்றொரு தொகுப்பும் வந்தது. எப்பொழுதும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாமையே அவர்களது நட்பைக் காத்தது போலும். நிலத்துக்கு ஓராண்டு ஓய்வு கொடுத்துப் பின் விழா நடத்தும் பண்ணைக்காரரின் முறையும் இதுவே அன்றோ?

லண்டனிலும் அயலிலும் உறவினரைப் பார்க்கச் செல்லும் நம்மவர் பலர், அரண்மனையையும் நூதனசாலையையும் கடைத்தெருவையும் கண்டு திரும்புகின்றனர். அவர்கள் ஒருநாளை ஒதுக்கிச் சோமர்செற் பக்கம் சென்று வரலாம். ஆனி மாதக் கூட்டத்தில் அகப்பட விரும்பாதோர் ஐப்பசியிற் செல்க. தோர்க் குன்றில் ஏறுவதற்குக் கட்டணம் இல்லை. காற்றுப் பலமாகையால் சால்வையோ தடித்த மேலங்கியோ அவசியம். பின்னர்ப் பில்ற்றனுக்குச் சென்று, ஊர்ப் பொதுவழியில் நின்று அந்த இரும்புக் கோபுரத்தைப் பாருங்கள். உங்களோடு வருபவர் நெடுநாள் பேசாதிருந்த ஒருவராயின், பயணம் இன்னும் நன்று.